நேர்மையான வாடிக்கையாளர்

மத்தியானம் இரண்டு மணி நெருங்கினால் பெரியவருக்கு இருப்புக் கொள்ளாது. சின்னவர் வீடியோ போடும் நேரம் அது. சலவைக்கடையின் பின்னறையில், இரண்டு வாஷிங் மெஷின்களுக்கு நடுவில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கும். அதில் போய் உட்கார்ந்து, பல்லைக் கடிக்கும் சத்தம்கூட இந்த இரைச்சலில் வெளியே கேட்காது என்ற தைரியத்தில் போனைத் திறப்பார்.

திறந்ததும் ஒரு கம்பளம் வரும். என்ன நிறம் என்று நெய்தவனே வந்தாலும் சொல்ல முடியாத அளவுக்கு அழுக்கேறிய கம்பளம். அதன்மேல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அழுக்கு கறுப்புக் குழம்பாக வழிந்து ஓடும். பிறகு சின்னவர் ரப்பர் பட்டை வைத்த கட்டையால் ஒரே இழுப்பாக இழுப்பார். இழுத்த இடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் பூ பளிச்சென்று எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான் விஷயம். இதைப் பார்ப்பதற்கு நாற்பத்திரண்டாயிரம் பேர். இத்தனை பேரா வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறார்கள் என்று பெரியவர் தினமும் ஒருமுறை வியப்பார். வியந்துவிட்டு அதே வீடியோவை முதலிலிருந்து மறுபடி பார்ப்பார்.

இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவர் பெரியவர், தங்கையைக் கட்டியவர் சின்னவர். வயதில் நாலே வருஷம்தான் வித்தியாசம் என்றாலும் சொந்தக்காரர்கள் வாயில் அவர்கள் பெரியவர், சின்னவர் என்றே நிலைத்துவிட்டார்கள். பெரியவருக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சலவைக்கடை. சின்னவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எல்லாரும் அவரவர் முகத்தை அவரவரே எடுத்துக்கொள்ளத் தொடங்கியபின் ஸ்டுடியோவில் ஈ ஓட்டினார். கடைசியில் இழுத்து மூடிவிட்டு ஒருநாள் பெரியவரிடம் வந்து, "அண்ணே, நானும் உங்களோட சேர்ந்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

பெரியவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இது பட்டனை அமுக்கினா முடியுற வேலை இல்ல தம்பி" என்றார்.

இதையே கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான். சின்னவர் சிரித்தபடியே போய், இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கார் ஷெட்டைப் பிடித்து, கம்பளம், சோபா, திரைச்சீலை கழுவும் கடை போட்டார். போனை ஒரு கம்பியில் கட்டித் தலைக்குமேல் தொங்கவிட்டார். பட்டனை அமுக்கியே முன்னுக்கு வந்துவிட்டார்.

உங்களுக்குப் பொறாமையா என்று யாராவது கேட்டால் பெரியவர், "அவனைப் பார்த்தா? எனக்கா?" என்பார். பொறாமைதான். வயிற்றில் கிளம்பித் தொண்டைவரைக்கும் ஏறி வரும் அசல் பொறாமை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எடுக்காத கறையா? அப்போதெல்லாம் யாராவது கை தட்டினார்களா? சட்டையை வாங்கி, முகர்ந்து பார்த்து, போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருமுறை ஒரு மனிதர் ரசீதை நீட்டியபடி, "வீடியோ போடுவாரே, அவரோட அண்ணனா நீங்க?" என்று ஆசையாகக் கேட்டார். அவருடைய கோட்டு அன்றைக்கே தயாராக இருந்தது. பெரியவர் நாலு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெறும் வயிற்றெரிச்சலோடு போயிருந்தால் இரண்டு மாத்திரையில் தீர்ந்திருக்கும். நடுவில் விடுதி விஷயம் வந்து சேர்ந்தது.

ரயில் நிலையத்துக்கு எதிரே நாற்பது அறை கொண்ட விடுதி ஒன்று இருந்தது. அதன் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, திரைச்சீலை எல்லாம் பதினோரு வருஷமாகப் பெரியவரிடம்தான் வரும். கடையின் இரண்டு மெஷின்களில் ஒன்று அதற்கென்றே ஓடியது. பழைய மேனேஜர் மாற்றலாகிப் போக, புதிதாக ஒரு அம்மா வந்தார். வந்த இரண்டாம் நாளே கடைக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தார்.

"உங்களுக்கு பேஜ் இருக்கா?" என்றார்.

"எதுக்கும்மா பேஜு? துணி இருக்கு, பார்த்துக்கோங்க."

"எங்க தலைமை ஆபீஸ்ல துணியைப் பார்க்க மாட்டாங்க, பேஜைத்தான் பார்ப்பாங்க. ரெண்டு கடையைப் பத்தி எழுதி அனுப்பச் சொல்லியிருக்காங்க. நாலு மாசம் டைம் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணு ஆரம்பிச்சிடுங்க."

இன்னொரு கடை எது என்று பெரியவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. விடுதி போனால் ஒரு மெஷினைத் துணி போட்டு மூட வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சின்னவர் கைக்குப் போவதை எப்படிப் பொறுப்பது?

கல்லாவில் உட்கார்ந்து ரசீது போடும் அவர் மனைவிதான் பேஜை ஆரம்பித்துக் கொடுத்தார். முதலில் கடையின் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துப் போட்டார்கள். அடுத்து பெரியவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்று, "அன்பார்ந்த பொதுமக்களே" என்று தொடங்கி மூன்று நிமிடம் பேசினார். அதற்குப் பிறகு என்ன போடுவது என்று தெரியாமல், ரோஜாப் பூவின்மேல் காலை வணக்கம் எழுதிய படங்களாகப் போட்டுக்கொண்டே போனார்.

"என்னங்க, ஓட்டு கேக்கிற மாதிரியே பேசுறீங்க" என்றார் மனைவி. "ஒரு மாசமாச்சு. பதினாலு பேர் இருக்காங்க. அதுல ஒன்பது பேர் நம்ம சொந்தம். ஒருத்தர் நீங்க."

"மீதி நாலு பேர் வாடிக்கைதானே?"

"சின்னவரும் அவருக்குத் தெரிஞ்ச மூணு பேரும்."

அதுதான் பெரியவரைக் கொன்றது. அவர் எதைப் போட்டாலும், அது ரோஜாப் பூவாகவே இருந்தாலும், முதல் ஆளாக ஒரு சிவப்பு இதயம் வந்து விழும். சின்னவருடையது. பிச்சை போடுகிறான் என்று நினைத்துக்கொள்வார்.

ஆகவே பெரியவர் தனக்கென்று இன்னொரு கணக்கு தொடங்கினார். மனைவிக்குத் தெரியாது. எதிராளி என்ன செய்கிறான் என்று தெரிந்துகொள்வதற்காக என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். முகப்புப் படத்துக்கு மடித்துவைத்த வெள்ளைத் துண்டு. பெயர், நேர்மையான வாடிக்கையாளர். அன்றைக்குச் சின்னவர் போட்ட வீடியோவின் கீழே, இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டினார்: "தண்ணீர் அடிக்கும் முன் ஓரத்தில் ஈரத் துணியை வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்தீரா, இல்லை எடுத்தவுடன் பீய்ச்சிவிட்டீரா?"

மாட்டிக்கொண்டான் என்று பின்னறையில் கால் ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "நல்ல கேள்வி ஐயா. பார்க்கல. அது தோணவே இல்ல. இனிமே பார்க்கிறேன்." கூடவே கும்பிடும் கை.

தப்பை ஒத்துக்கொள்கிறவனை என்ன செய்வது? பெரியவருக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. மறுநாள் இன்னும் கூர்மையாகக் கேட்டார். ரத்தக் கறைக்கு வெந்நீர் விட்டீரே, கறை இழைக்குள் வெந்து உட்கார்ந்துவிடாதா? அதற்கடுத்த நாள், கம்பளத்தின் அடியில் இருக்கும் பசை ஊறினால் கழன்றுவிடுமே, எத்தனை நேரம் ஊற விடுகிறீர்? சோபாவின் பஞ்சு உள்ளே காயாவிட்டால் மூன்றாம் நாள் நாறுமே, அந்த நாற்றத்தை வீடியோவில் காட்டுவீரா? இந்தக் கடைசிக் கேள்வியை எழுதி முடித்தபோது அவருக்கே அவரைப் பிடித்துப்போனது.

சின்னவர் ஒன்றைக்கூட விடவில்லை. தெரிந்தால் பதில் சொன்னார், தெரியாவிட்டால் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னார். கொஞ்ச நாளில் வீடியோவே அப்படித்தான் தொடங்கியது: "நம்ம நேர்மையான வாடிக்கையாளர் ஐயா ஒண்ணு கேட்டிருக்காரு, அதைச் செஞ்சு காட்டிடுறேன்." பார்க்கிறவர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. இன்றைக்கு ஐயா எங்கே குத்துவார் என்று பார்ப்பதற்கே வந்தார்கள். "ஐயா இன்னும் வரலையா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நாற்பத்திரண்டாயிரம் அறுபதாயிரம் ஆனது. தான் வைத்த நெருப்பில் அவன் குளிர் காய்கிறான் என்று பெரியவருக்குத் தெரியாமல் இல்லை. நிறுத்தத்தான் நினைத்தார். இரண்டு மணி அடித்தால் கை தானாகப் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சு அங்கேதான் போனது.

"நம்ம பேஜுக்கு ஒரு ஆள் வர்றாருண்ணே. பெரிய படிப்பாளியா இருக்கணும். எங்கேயோ மில்லுல உயர்ந்த பதவியில இருந்து ரிட்டயர் ஆனவர்னு நினைக்கிறேன்."

"மில்லா?" என்றார் பெரியவர்.

"அவ்வளவு விஷயம் தெரியுது. அந்த மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல."

பார்த்ததே இல்லையாம். எதிரில், ஒரு கை தூரத்தில், இலையைப் பார்த்தபடி ஒருவன் உட்கார்ந்திருக்கிறானே, அவன் யார்? பெரியவருக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இப்படிச் சொன்னதுண்டா? அன்று மாலை முழுக்க அவர் அந்த மில் அதிகாரிமேல் பொறாமைப்பட்டார். அந்த ஆள் தான்தான் என்பது நினைவுக்கு வந்தபோதும் பொறாமை குறையவில்லை. வெள்ளைத் துண்டுக்குக் கிடைக்கிற மரியாதை வெள்ளைத் துண்டை வெளுக்கிறவனுக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

நாலாவது மாதம் முடியும்போது விடுதி மேனேஜரம்மா இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே நேரத்துக்கு வரச் சொன்னார். வரவேற்பு மேசைக்குப் பின்னால் சின்ன அறை. சுவரில் நாற்பது கொக்கி, அதில் பாதிக்குமேல் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவர் எழுந்து பெரியவருக்கு நல்ல நாற்காலியைத் தள்ளிவிட்டு, தான் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

மேனேஜரம்மா போனைக் கீழே வைத்தார்.

"உங்க பேஜில பூ படமா இருக்கு" என்றார் பெரியவரிடம். "வேலையைப் பத்தி ஒண்ணும் காணோம்."

பிறகு சின்னவர் பக்கம் திரும்பினார். "உங்க பேஜ் நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? நான் வீடியோவைவிடக் கீழ இருக்கிறதைத்தான் படிக்கிறேன். நேர்மையான வாடிக்கையாளர்னு ஒருத்தர் வர்றாரே, யாரு அவரு?"

"தெரியாதுங்க மேடம். ரிட்டயர்ட் ஆளு."

"உங்களுக்கு கேமரா தெரியுது. வேலை தெரியுறது அவருக்குத்தான். அவர் மட்டும் ஒரு கடை வச்சிருந்தார்னா இந்தக் காகிதத்துல அவர் பேரைத்தான் எழுதுவேன். இல்லாததால உங்க பேரை எழுதுறேன்."

பேனா மூடி கழன்றது.

பெரியவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சும்மா இருந்தால் மானம் மிச்சம், மெஷின் போய்விடும். வாயைத் திறந்தால் மெஷின் மிச்சம். ஆனால் மூணு மாசமாக இரண்டு மெஷினுக்கு நடுவில் ஒளிந்து உட்கார்ந்து, தங்கச்சி வீட்டுக்காரனைக் குத்திக்கொண்டிருந்த ஆள் இவர்தான் என்பது சொந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். இரண்டும் வேண்டாம் என்று எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அது நான்தாம்மா" என்றார்.

சின்னவர் சிரித்தார். அண்ணன் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார். மேனேஜரம்மா சிரிக்கவில்லை. "எப்படி நம்புறது?" என்றார்.

பெரியவர் போனை எடுத்தார். நேற்றைய வீடியோவின் கீழே "இங்கேதான் இருக்கிறேன்" என்று தட்டினார். தட்டி முடிக்க நேரமானது. சின்னவர் சட்டைப் பையில் டிங் என்று ஒரு சத்தம். அவர் போனை எடுத்துப் பார்த்தார். வெள்ளைத் துண்டைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். சிரிப்பு உதட்டிலேயே நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லக் கழன்று போனது.

மேனேஜரம்மா பெரியவர் பெயரை எழுதினார்.

வெளியே வந்ததும் சின்னவர் ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்று, சாவியைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"திட்டணும்னா நேராவே திட்டியிருக்கலாமே அண்ணே" என்றார்.

"அதில்ல தம்பி..."

"அறுபதாயிரம் பேரும் வேடிக்கை பார்க்கிறவங்க. இவர் ஒருத்தர்தான் நம்மளை வேலை செய்யுற ஆளா மதிச்சுக் கேள்வி கேக்கிறாருன்னு நினைச்சிட்டிருந்தேன். எல்லாக் கேள்வியையும் எழுதி ஷெட்டுச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஸ்கூட்டர் கிளம்பிப் போய்விட்டது.

விடுதித் துணி வழக்கம்போல வந்தது. இரண்டு மெஷினும் ஓடின. மனைவிக்கு விஷயம் அன்றைக்கே தங்கை மூலமாகத் தெரிந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. "அவ்வளவு விஷயத்தை அங்கே போய்க் கொட்டியிருக்கீங்க. இங்கே பூவைப் போட்டிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை எடுத்து வந்து பெரியவர் கையைப் படம் பிடித்தார். கோட்டுக் கழுத்தில் எண்ணெய்க் கறை. முகப் பவுடரைத் தூவி, ஊற விட்டு, தட்டி எடுக்கும் வேலை. பெரியவர் பொதுமக்களை அழைக்காமல், கறையோடு மட்டும் பேசினார். இரண்டு நாளில் முந்நூறு பேர் பார்த்தார்கள். அதில் நாற்பது பேர் கூடவே சேர்ந்துகொண்டார்கள்.

பெரியவர் வீடியோவின் கீழே விழுந்திருந்த இதயங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். முதலில் வந்து விழும் அந்தச் சிவப்பு இதயத்தைக் காணவில்லை. கடைசிவரை போனார். இல்லை.

சின்னவர் பேஜிலும் புது வீடியோ ஒன்றும் வரவில்லை. முதல் நாள், கோபமாக இருப்பான் என்று நினைத்தார். மூன்றாம் நாள் இரண்டு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய வீடியோவையே பார்த்தார். ஐந்தாம் நாள், "ஐயாவும் வரலை, வீடியோவும் வரலை, என்ன ஆச்சு?" என்று, முன்பு ஐயாவைத் தேடிய அந்தப் பெண் கேட்டிருந்தாள். ஏழாம் நாள் மனைவி பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"ஜெயிச்சாச்சுல்ல? அப்புறமும் அந்த ஸ்டூல்ல என்ன வேலை?"

பெரியவர் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கம்பியிலிருந்து போனைக் கழட்டிட்டாராம். அதைப் போட்டு என்ன ஆகப் போகுதுன்னு கேக்கிறாராம். தங்கச்சி அழுதா."

மனைவி போன பிறகு பெரியவர் வெகுநேரம் மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் விரிப்புகள் புரள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எரிவதற்கு ஒன்றும் இல்லாமல் வயிறு சும்மா கிடந்தது. இத்தனை நாள் அதுதானே வேண்டும் என்று இருந்தார்? வந்த பிறகு பார்த்தால் வீடு காலி செய்துவிட்டுப் போன அறை மாதிரி இருந்தது.

போனை எடுத்தார். வெள்ளைத் துண்டுக் கணக்கு திறந்தது. அதை விட்டு வெளியே வந்தார். எங்கெங்கோ தட்டி, மனைவி எழுதிவைத்த சீட்டைப் பார்த்து, கடையின் சொந்தப் பெயரில் உள்ளே போனார். சின்னவர் கடைசியாகப் போட்ட சிவப்புக் கம்பளத்தின் கீழே எழுதினார்: "இதை வெயிலில் காயவைத்தீரா, நிழலிலா? வெயில் என்றால் சிவப்பு வெளுக்கும்." அனுப்பிவிட்டார். பிறகு மனசு கேட்காமல் இன்னொன்றும் எழுதினார். "அன்றைக்குச் சேர்ந்துக்கட்டுமா என்று கேட்டபோது நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அறுபதாயிரம் பேர் படிப்பார்கள். படிக்கட்டும்.

மெஷின் சுற்றி, பிழிந்து, நின்றது. ஈர விரிப்புகளை எடுத்துக் கூடையில் போட்டார். பாதிக் கூடை நிறைந்தபோது போன் அதிர்ந்தது.

"நிழல்லதான் அண்ணே காயவச்சேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. "உங்க கோட்டு வீடியோ பார்த்தேன். கேமரா சாஞ்சிருக்கு, பாதிக் கறை வெளியில நிக்குது. நாளைக்கு வந்து நிமித்தி வச்சுட்டுப் போறேன்."

மறுநாள் காலையில் சின்னவர் ஒரு கம்பியும் கயிறுமாக வந்தார். பெரியவர் முகத்தைப் பார்க்காமலே ஏணியில் ஏறி, இஸ்திரி மேசைக்கு நேர்மேலே பெரியவர் மனைவியின் போனைக் கட்டினார். இறங்கும்போது, "விளக்கை இந்தப் பக்கம் வைங்க அண்ணே, நிழல் விழுது" என்றார். பெரியவர் விளக்கை நகர்த்தினார்.

அன்று மத்தியானம் இரண்டு மணிக்குப் பின்னறையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. சின்னவர் பேஜில் புது வீடியோ வந்திருந்தது. ஒரு பழுப்பு நிறக் கம்பளம், அடியிலிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. பெரியவர் அதைப் பார்க்காமல் முதலில் எண்ணிக்கையைப் பார்த்தார். ஒரே நாளில் மூவாயிரம் பேர் கூடியிருந்தார்கள். நேற்று அவர் எழுதிய அந்த இரண்டு வரியைப் படிக்க வந்த கூட்டம்.

வயிற்றில் எரிச்சல் கிளம்பி, தொண்டைவரை ஏறியது. பெரியவருக்கு அப்பாடா என்று இருந்தது.